ராயபுரம் – எண்ணூர் கரையின் பழைய படங்கள்: தேதி கண்டுபிடிப்பது, இடம் கண்டுபிடிப்பது, ஸ்கேன் செய்வது

கல்மண்டபம்13

வணக்கம். எங்க பகுதி நூலகத்துல பொங்கல் சமயத்துல ஒரு படக் காட்சி வைக்கிறோம். ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடற்கரை அப்போ எப்படி, இப்போ எப்படின்னு ஜோடி ஜோடியா மாட்டணும். வீடு வீடா கேட்டு வாங்கினதுல எழுபது சொச்சம் பிரிண்ட் இருக்கு, பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வெட்டாம சுருட்டி வச்ச 120 ஃபிலிம் நெகட்டிவ் ரெண்டு ரோல், துறைமுகம் தெரியற பழைய தபால் அட்டை ஒண்ணு.

பாதிப் படம் அந்தப் பசை ஆல்பத்துல மாட்டிக்கிட்டிருக்கு, இழுத்தா ஓரம் கிழியுது. ரெண்டு படம் ஃபிரேம் கண்ணாடியோடவே ஒட்டிக்கிச்சு. சிலதுல பூஞ்சை. எதுலயும் பின்பக்கம் தேதி எழுதலை.

ஒரு படம் மட்டும் பெரிய குழப்பம். திருவொற்றியூர் குப்பம்னு சொல்லிக் குடுத்தாங்க. அகலமான மணல், வரிசையா கட்டுமரம், பத்துப் பதினஞ்சு பேர் நிக்கிறாங்க. கடல் இடது பக்கம். தூரத்துல கரையோரமா உயரமான புகைபோக்கி தெரியுது, எண்ணூர் அனல்மின் நிலையம்னு நினைக்கிறோம். ஆனா அந்த இடத்துல போய் நின்னா எதுவும் பொருந்தல. இது எந்த இடமா இருக்கும்?

இன்னொண்ணு, இந்தப் படங்களை வச்சு கடல் எவ்வளவு தூரம் உள்ள வந்திருக்குன்னு மீட்டர் கணக்குல போட முடியுமா?


டார்க்ரூம்வாசி

தேதி, இடம் எல்லாம் அப்புறம். முதல்ல படத்தைக் காப்பாத்துங்க.

பசை ஆல்பத்துல இருந்து எடுக்க விரலால இழுக்கவே கூடாது. பல் இடுக்கு சுத்தம் செய்யற நூல் மருந்துக்கடையில கிடைக்கும், மெழுகு தடவாததா வாங்குங்க. படத்தோட மூலையில நூலை நுழைச்சு, தாளோட ஒட்டினாப்புல ரெண்டு கையாலயும் ரம்பம் இழுக்கற மாதிரி மெதுவா நகர்த்திக்கிட்டே வாங்க. படம் வளையக் கூடாது, நூல்தான் போகணும். நூல் சிக்கினா அந்தப் பக்கத்தை விட்டுட்டு எதிர் மூலையில ஆரம்பிங்க. அப்படியும் வரலைன்னா மேல இருக்கற பிளாஸ்டிக் தாளை மட்டும் விலக்கிட்டு, பக்கத்தோடவே ஸ்கேன் பண்ணிட்டு விட்டுடுங்க. ஹேர் டிரையர் வச்சு சூடு காட்டலாம்னு சிலர் சொல்வாங்க. பசை இளகும்தான், ஆனா சூடு ஒரு துளி அதிகமானாலும் படத்தோட மேற்பரப்பும் இளகும். அடுத்தவங்க வீட்டுப் படத்துல அந்தச் சோதனை வேண்டாம்.

கண்ணாடியில ஒட்டினதைப் பிரிக்கவே பிரிக்காதீங்க. நம்ம ஊர் ஈரத்துல படத்தோட மேல்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில பிடிச்சிருக்கும். பிரிச்சா உருவம் கண்ணாடியோட போயிடும், காகிதம் மட்டும் கைக்கு வரும். கண்ணாடியை வெளிப்பக்கம் நல்லா துடைச்சு, கண்ணாடியோடவே கேமராவுல எடுங்க. ரெண்டு பக்கமும் 45 டிகிரியில ஒவ்வொரு விளக்கு, கேமராவுக்குப் பின்னால ஒரு கறுப்புத் துணி, துணியில லென்ஸ் அளவுக்கு ஓட்டை. பிரதிபலிப்பு நின்னுடும்.

பூஞ்சை பிடிச்சதைத் தனியா ஒரு பெட்டியில வைங்க, மத்ததோட கலக்கவே வேண்டாம். ஃபேன் காத்துல நிழல்ல நல்லா காய்ஞ்சப்புறம், முகக்கவசம் போட்டுக்கிட்டு மொட்டை மாடியில மென்மையான பிரஷ்ஷால தட்டுங்க. ஈரத்துணி வேண்டாம். பூஞ்சை பிடிச்ச ஜெலட்டின் தண்ணில கரையற பதத்துக்கு வந்திருக்கும், துடைச்சா முகம் அழிஞ்சிடும். பீரோவுல பாச்சை உருண்டை போட்டு வைக்கிற பழக்கமும் படங்களுக்கு ஆகாது. சிலிக்கா ஜெல் போதும், அதையும் அப்பப்போ காய வச்சுத் திரும்பப் போடணும்.

ஸ்கேனுக்கு, ஆபீஸ்ல இருக்கற மூணு-வேலை பிரிண்டர் ஸ்கேனர்ல பெரும்பாலும் மெல்லிய வகை சென்சார்தான் இருக்கும். கண்ணாடியில இருந்து ரெண்டு மில்லிமீட்டர் தூக்கி இருந்தாலே மங்கிடும், வளைஞ்ச படம் தேறாது. எப்சன் வி600 மாதிரி நெகட்டிவும் எடுக்கற ஃபிளாட்பெட் யார்கிட்டயாவது கேட்டு வாங்கிடுங்க.

அளவு எப்படி முடிவு பண்றதுன்னா, காட்சிக்கு எவ்வளவு பெருசா அடிக்கப்போறீங்கன்னு பின்னோக்கிக் கணக்கு போடணும். 6 செ.மீ. சதுர பிரிண்டை 600 டிபிஐல (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தா சுமார் 1,400 பிக்சல்தான் வரும், நல்லா அடிச்சா அஞ்சு அங்குலத்துக்கு மேல தாங்காது. அதனால சின்ன பிரிண்ட்டுக்கு 1,200, அஞ்சுக்கு ஏழு அளவுக்கு 600 போதும். நெகட்டிவ் இருந்தா பிரிண்ட்டை மறந்துடுங்க. 120 ஃபிலிம்ல ஒரு சதுரத்தை 2,400 டிபிஐல எடுத்தா ஒரு பக்கம் 5,000 பிக்சலுக்கு மேல வரும், 17 அங்குலம் வரைக்கும் கூர்மையா அடிக்கலாம். கடைப் பலகை எழுத்தெல்லாம் படிக்க முடியறது அதுலதான்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர்லயே ஸ்கேன் பண்ணுங்க. மஞ்சள் கறை நீலத் தடத்துலதான் (சேனல்) அதிகமா விழும். அப்புறமா சிவப்புத் தடத்தை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கினா பாதிக் கறை தன்னால காணாமப் போகும். மூலக் கோப்பு டிஃப்ல இருக்கட்டும், ஜேபெக்ல வாட்ஸ்அப்புக்கு ஒரு நகல்.

நெகட்டிவ் ரோலைப் பிரிச்சுப் பலகை வச்சு அமுக்காதீங்க. மூணு மூணு சட்டமா வெட்டி உறையில போட்டு, மேல லேசா ஒரு புத்தகத்தை வச்சா சில நாள்ல தானா நேராகும். உறை பாலிப்ராப்பிலீனா இருக்கணும். புது ரெயின்கோட் வாசனை அடிக்கற பிவிசி உறை ஃபிலிமைக் கெடுக்கும். ரோலைப் பிரிக்கும்போது வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிச்சா ஃபிலிம் அழுக ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். அதைத்தான் முதல்ல ஸ்கேன் பண்ணணும், தனியாவும் வைக்கணும்.

ஒரே ஒரு கெஞ்சல்: செயலி வச்சு "தெளிவாக்குறேன்", "கலர் போடறேன்"னு எல்லாம் இப்பவே ஆரம்பிக்காதீங்க. அது இல்லாத எழுத்தையும் இல்லாத ஜன்னலையும் வரைஞ்சு வச்சிடும். அப்புறம் தேதி பார்க்கறவர் அந்த ஜன்னலை வச்சுத் தேதி பார்ப்பார்.


உப்புக்காத்து

அந்தக் குழப்பமான படத்துக்கு மட்டும் பதில். நம்ம கரையில கடல் கிழக்கு. வடக்கு பார்த்து நின்னா கடல் வலது பக்கம், தெற்கு பார்த்து நின்னா இடது பக்கம். திருவொற்றியூர்ல நின்னு எண்ணூர் புகைபோக்கி தெரியணும்னா வடக்கு பார்க்கணும். அப்போ கடல் வலதுல இருக்கணுமே! உங்க படத்துல இடதுல இருக்கு.

ஒண்ணு, அது எண்ணூர் புகைபோக்கி இல்ல. இல்லாட்டி படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கு. கண்டுபிடிக்கறது சுலபம். நிக்கிற பொம்பளைங்களோட முந்தானை எந்தத் தோள்ல இருக்குன்னு பாருங்க, இடது தோள்ல இருக்கணும். ஆம்பளைங்க சட்டைப் பாக்கெட் இடது மார்புல இருக்கணும். ஒருத்தரை வச்சு முடிவு பண்ணாதீங்க, எல்லாரையும் பாருங்க.


கல்மண்டபம்13

அண்ணே, பார்த்தாச்சு. ஆறு பொம்பளைங்க, ஆறு பேருக்கும் முந்தானை வலது தோள்ல. பாக்கெட்டும் வலது பக்கம். படத்தைத் திருப்பிப் போட்டா கடல் வலதுக்கு வந்துடுச்சு! இதோட நெகட்டிவ் ரோல்ல இருக்கு. அதை ஸ்கேன் பண்ணும்போது எந்தப் பக்கம் கீழ வைக்கணும்?


டார்க்ரூம்வாசி

ஃபிலிம் ஓரத்துல இருக்கற எழுத்தும் எண்ணும் உங்களுக்கு நேரா படிக்கற மாதிரி வந்தா, பளபளப்பான பக்கம் உங்களைப் பார்த்திருக்கும், மங்கலான பக்கம் அந்தப்புறம் இருக்கும். அப்படிப் பார்க்கும்போது தெரியறதுதான் சரியான இடவலம். ஸ்கேனர்ல எந்தப் பக்கம் கீழன்றது மாடலுக்கு மாடல் மாறும். அதனால ஓர எழுத்தையும் சேர்த்து ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க. எழுத்து தலைகீழாவோ கண்ணாடியில பார்க்கற மாதிரியோ வந்தா திருப்பிடுங்க. ரெண்டு ரோலையும் ஒரே முறையில எடுத்தா மறுபடி இந்தக் குழப்பம் வராது.


ரிப்பன்மாளிகை

தேதிக்கு வருவோம். "இது எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். "எந்த வருஷத்துக்கு முன்னால் இது இருக்க முடியாது, எந்த வருஷத்துக்குப் பிறகு இருக்க முடியாது" என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். முதலாவது கீழ் எல்லை, இரண்டாவது மேல் எல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாளில் இரண்டு பத்தி. கிடைக்கிற தடயம் எல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில் விழும்.

முதலில் தாளைப் பாருங்கள். பின்பக்கத்தில் 'இந்து' என்று முத்திரை இருந்தால் அது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தாள். அங்கே உற்பத்தி தொடங்கியது 1967இல். எனவே பிரிண்ட் அதற்குப் பிந்தியது. பிளாஸ்டிக் பூசினது போல வழவழப்பான, தண்ணீர் உறிஞ்சாத தாள் என்றால் பெரும்பாலும் 1970களுக்குப் பிறகு. ரம்பப்பல் ஓரம் வைத்து வெட்டிய பிரிண்ட் 60கள் வரை பரவலாக இருந்தது. ஆனால் தாள் சொல்வது பிரிண்ட் போட்ட காலத்தைத்தான். பழைய நெகட்டிவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பிரிண்ட் போட்டிருக்கலாம். கலர் பிரிண்ட்டின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருந்தால் அதை முழுதாக நம்ப வேண்டாம், பேட்டரி மாற்றிய பிறகு கேமராவில் தேதியைத் திருத்தாதவர்கள்தான் அதிகம்.

பிறகு படத்துக்குள் போங்கள். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் எடுத்த படம் என்றால் கலங்கரை விளக்கம் நல்ல கைகாட்டி. உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் தூண் வடிவ விளக்கம் 1844இல் எரியத் தொடங்கியது. 1892இல் நீதிமன்றக் கட்டடம் வந்தபின், 1894இல் விளக்கு அதன் குவிமாடத்துக்கு ஏறியது. 1977இல் மெரினாவுக்குப் போனது. பொது அஞ்சலகக் கட்டடம் 1884. பாரிமுனையில் இப்போதுள்ள டேர் ஹவுஸ் 1940. தெருவில் டிராம் தண்டவாளத்தில் வண்டி ஓடுகிறது என்றால் 1895க்குப் பின், 1953க்கு முன். தண்டவாளம் மட்டும் இருக்கிறது, வண்டி இல்லை என்றால் 1953க்கு முன் என்று அடித்துச் சொல்ல முடியாது. சேவை நின்ற அன்றே தண்டவாளத்தை யாரும் பெயர்த்துவிடுவதில்லை.

கடைப் பலகைகள்தான் பொக்கிஷம். முகவரியில் 'சென்னை-13' என்று இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அது பின்கோடுக்கு முந்தைய பழக்கம். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட். ஆனால் பழைய பலகையை அப்படியே மாட்டி வைத்திருக்கும் கடை நம் ஊரில் இன்றும் உண்டு, ஆகவே 'சென்னை-13' மட்டும் இருந்தால் எதுவும் நிரூபணம் ஆகாது. '600 013' என்று இருந்தால்தான் உறுதி, 1972க்குப் பிந்தியது. விலைப்பட்டியலில் அணா கணக்கு இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முன்போ, அதையொட்டிய ஓரிரு ஆண்டிலோ; 'நயா பைசா' இருந்தால் அதற்குப் பின். அரசுப் பலகையில் 'தமிழ்நாடு' என்றால் 1969 ஜனவரிக்குப் பின். ஆங்கிலத்திலும் 'சென்னை' என்று எழுதியிருந்தால் 1996க்குப் பின். வண்டி எண் 'டிஎன் 01' போல 'டிஎன்' எழுத்தும் இரண்டு இலக்கமுமாகத் தொடங்கினால் 1989 அல்லது அதற்குப் பிந்தியது.

கூரைகளைக் கவனியுங்கள். மீன்முள் மாதிரி டிவி ஆன்டெனா இருந்தால் 1975 ஆகஸ்டுக்குப் பின், அப்போதுதான் சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது. சுவர் விளம்பரம், கொடிக்கம்பம் இரண்டும் வடசென்னைப் படங்களில் விழாமல் இருக்காது. கறுப்பு சிவப்புக் கொடி என்றால் 1949 செப்டம்பருக்குப் பின் (கட்சி தொடக்கப் பொதுக்கூட்டமே உங்கள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான்). நடுவில் அண்ணா உருவம் இருந்தால் 1972 அக்டோபருக்குப் பின். சினிமா போஸ்டர் கிடைத்தால் வெளியான ஆண்டு கீழ் எல்லையைத் தரும், அவ்வளவுதான். பழைய படங்களை மறுபடி மறுபடி ஓட்டிய கொட்டகைகள் நம் பக்கம் நிறைய, அதனால் மேல் எல்லைக்கு அது உதவாது.

அடிவானத்தில் தெரிவதையும் விடாதீர்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1970இல், நிறுத்தப்பட்டது 2017இல். வடசென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவில் வந்தது. துறைமுகம் பக்கம் கன்டெய்னர் கிரேன்கள் வரிசையாகத் தெரிந்தால் 1983க்குப் பின். உங்கள் திருவொற்றியூர் படம் சுமார் 1970க்குப் பின் என்று இப்போதே எழுதிவிடலாம், கட்டுமானத்தின்போதே புகைபோக்கி உயர்ந்திருக்கும் என்பதால் 'சுமார்' கட்டாயம் வேண்டும். படகுகளில் ஒரு ஃபைபர் கூட இல்லையென்றால் மேல் எல்லை 80களை ஒட்டி வரும். ஆனால் ஒரே படத்தில் இல்லை என்பதை வைத்துக் காலம் சொல்வது பலவீனமான சான்று, அன்றைக்கு அந்தப் படகுகள் கடலுக்குள் போயிருக்கலாம்.

தபால் அட்டையின் பின்பக்கம் நடுவில் கோடு இருக்கிறதா? முகவரிக்கு மட்டும் இடம் விட்டு, கோடே இல்லாமல் இருந்தால் இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள் வரை அச்சானது. கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தால் அதற்குப் பிறகு. முத்திரைத் தேதி அட்டை போன தேதி மட்டுமே. ஒரே படத்தைப் பல வருஷம் மறு அச்சிட்டு விற்றார்கள்.

மாதம் வேண்டுமென்றால் நிழல் இருக்கிறது. சென்னை 13 டிகிரி வட அட்சம். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். திசை தெரிந்த, நண்பகல் ஒட்டி எடுத்த படத்துக்கு மட்டும் இது செல்லும்.


தூண்டில்வளைவு

மீட்டர் கணக்கு கேட்டீங்க. தரையில நின்னு எடுத்த படத்தை வச்சுக் கடல் எத்தனை மீட்டர் உள்ள வந்துச்சுன்னு சொன்னா அது கணக்கு இல்ல, கதை.

ஏன்னா, படத்துல தெரியற தண்ணி ஓரம் அந்த நிமிஷத்தோட ஓரம். சென்னையில பௌர்ணமி, அமாவாசை சமயத்துல ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர். பத்துக்கு ஒண்ணு சரிவுள்ள மணல்ல அந்த ஒரு மீட்டரே ஓரத்தைப் பத்து மீட்டர் தள்ளிடும். அதுக்கு மேல பருவம். மீனவங்க தெண்டி வெள்ளம்னு சொல்ற நீரோட்டம் ஓடற மாசங்கள்ல, அதாவது தோராயமா மார்ச்சுல இருந்து அக்டோபர் வரைக்கும், மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழை சமயத்துல வன்னி வெள்ளம்ங்கற எதிர் நீரோட்டம் அதைத் தெற்கே தள்ளும். டிசம்பர் படத்தையும் மே படத்தையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினா நீங்க காட்டறது ஐம்பது வருஷ மாற்றமா, அஞ்சு மாச மாற்றமான்னு யாருக்கும் தெரியாது.

வருஷம் முழுக்கக் கூட்டிக் கழிச்சா மணல் போறது வடக்கே. துறைமுகம் அதை மறிச்சதுதான் இந்தக் கரையோட வரலாறே. 1875ல அடிக்கல் நாட்டி, 1881 நவம்பர் புயல்ல அலைதடுப்புச் சுவர் உடைஞ்சு, மறுபடி கட்டினாங்க. தெற்குச் சுவர் வந்ததுமே அதுக்குத் தெற்கே மணல் சேர ஆரம்பிச்சது, மெரினா அகலமானது அதனால. வடக்கே வர வேண்டிய மணல் வரலை. ஆனா வடக்கே அலை மணலை எடுத்துக்கிட்டுப் போறது நிக்கலை. வரவு நின்னு செலவு மட்டும் நடந்தா என்ன ஆகும்? ராயபுரம், காசிமேடு, அப்புறம் திருவொற்றியூர்னு அரிப்பு வடக்கே வடக்கே நகர்ந்தது. மணல் துறைமுக வாய்க்குள்ளயே வந்து விழுந்ததால, 1904ல இருந்து 1919 வரைக்கும் துறைமுகப் பொறுப்புல இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்துல கிழக்கு வாசலை மூடிட்டு வடகிழக்குல புது வாசல் வச்சாங்க. உங்க தபால் அட்டையில வாசல் எந்தப் பக்கம்னு பாருங்க, தேதிக்கு அது உதவும்.

இது தெரியாம எழுதற தலைப்புகள்ல அடிக்கடி வர்றது "சுனாமிக்கு முன் – சுனாமிக்குப் பின்". 2004 டிசம்பர் அலை வீடுகளையும் படகுகளையும் அடிச்சது வேற. கரை தேய்ஞ்சது அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே தொடங்கின விவகாரம். ரெண்டையும் ஒரே படத்தோட அடிக்குறிப்புல போட்டுக் குழப்ப வேண்டாம்.

அளவு கட்டாயம் வேணும்னா செயற்கைக்கோள் படத்துக்குப் போங்க. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் கொரோனா 1960ல இருந்து 1972 வரைக்கும் எடுத்த படங்களை 1995ல வெளியிட்டுட்டாங்க. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையோட எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்துல ஏற்கனவே ஸ்கேன் ஆனது இலவசம். 1967க்குப் பிந்தின நல்ல படத்துல ரெண்டு மீட்டர் அளவுள்ள பொருள் வரைக்கும் தெரியும், குப்பத்துத் தெருக்களே பிரிஞ்சு தெரியும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் 1972ல இருந்து இருக்கு, 1982க்கு அப்புறம் அதுல ஒரு பிக்சல்னா தரையில 30 மீட்டர். அதுல இருபது மீட்டர் அரிப்பைக் கண்டுபிடிச்சேன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுங்க. சமீப காலத்துக்கு கூகுள் எர்த்ல காலக்கோட்டை நகர்த்தினாலே போதும்.

கொரோனா படம் நீளப் பட்டையா, ஓரத்துல இழுத்த மாதிரி வளைஞ்சு இருக்கும். கியூஜிஐஎஸ்ங்கற வரைபட மென்பொருள்ல ஏத்தி இடம் பொருத்தும்போது மொத்தப் பட்டையையும் பொருத்தப் பார்க்காதீங்க. உங்க கரைப் பகுதியை மட்டும் வெட்டி, பத்துப் புள்ளியாவது வைங்க. ராயபுரம் ரயில் நிலையக் கட்டடம் 1856ல இருந்து அங்கேயே இருக்கு, திருவொற்றியூர் கோயில் குளத்தோட நாலு மூலை இருக்கு, பழைய ரயில் பாதை வளைவு இருக்கு. கரையோரக் கல்லு, தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள்ள நீட்டின கல் சுவர்) நுனி மாதிரி பின்னால வந்ததையும், கூடிக் குறையறதையும் புள்ளியா வைக்கக் கூடாது. புள்ளிகள் எல்லாம் மேற்குப் பக்கமே விழும், கடல்ல எங்க வைக்கிறது? அதனால கரைக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல நாலஞ்சாவது இருக்கணும். பொருத்தின பிழை எத்தனை மீட்டர்னு மென்பொருளே சொல்லும், அதையும் காட்சியில அடிக்குறிப்பா போடுங்க.

நின்னு எடுத்த படத்தை வச்சு நேர்மையா சொல்லக்கூடியது வேற மாதிரி: "இந்தச் சுவருக்கும் தண்ணிக்கும் நடுவுல அப்போ மூணு வரிசை கட்டுமரம் நிக்க இடம் இருந்தது, இப்போ சுவரை ஒட்டியே கல்." பார்க்கறவங்களுக்கும் அதுதான் புரியும்.


கல்மண்டபம்13

ரொம்ப நன்றி. அப்போ ஜோடிப் படம் எடுக்கறதுக்குப் பழைய கேமரா நின்ன இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பல படத்துல அந்த இடம் இப்போ கல்லுக்கு அடியிலயோ கடல்லயோதான் இருக்கும் போல.


மூணுகால்

வீட்டுல உக்காந்தே பாதி வேலையை முடிச்சிடலாம். பழைய படத்துல கிட்ட இருக்கற ஒரு பொருளும் தூரத்துல இருக்கற ஒரு பொருளும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா வர்ற இடத்தைத் தேடுங்க. உதாரணத்துக்கு ஒரு வீட்டுச் சுவர் முனையும் அதுக்குப் பின்னால தேவாலயக் கோபுரமும். கூகுள் எர்த்ல அந்த ரெண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்து, கேமரா பக்கம் நீட்டுங்க. கேமரா அந்தக் கோட்டு மேலதான் எங்கயோ நின்னிருக்கு. இதே மாதிரி படத்தோட இன்னொரு பக்கத்துல இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டற இடம்தான் கேமரா. ரெண்டு கோடும் கிட்டத்தட்ட ஒரே திசையில போனா வெட்டுப்புள்ளி பல மீட்டர் தப்பும். அகலமான கோணத்துல வெட்டற ஜோடியா தேர்ந்தெடுங்க.

உயரத்துக்கு அடிவானம் இருக்கே, கடற்கரைப் படத்துல அது ஒரு வரம். சமமான மணல்ல நிக்கிறவங்க மேல அடிவானக் கோடு எங்க வெட்டுதோ அதுதான் கேமரா உயரம். எல்லாருக்கும் இடுப்பை வெட்டினா, இரட்டை லென்ஸ் கேமராவை இடுப்புல பிடிச்சுக் குனிஞ்சு பார்த்து எடுத்தது. கண்ணை வெட்டினா ஆக்ஃபா கிளிக் மாதிரி கண்ணுல வச்சு எடுத்தது. எல்லார் தலைக்கும் மேல போனா படகு மேலயோ திண்ணை மேலயோ ஏறி நின்னிருக்காங்க.

அந்த இடத்துக்குப் போனதும் பழைய படத்தை ஒரு ஏ4 தாள்ல அடிச்சு எடுத்துட்டுப் போங்க, வெயில்ல ஃபோன் திரை தெரியாது. ஜோடிகள் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற வரைக்கும் நகருங்க. கிட்ட இருக்கற பொருள் தூரத்துப் பொருளுக்கு வலப்பக்கம் விலகித் தெரிஞ்சா நீங்க வலப்பக்கம் நகரணும். இடப்பக்கம் விலகினா இடப்பக்கம். ஜூம் பண்ணிச் சரி பண்ணலாம்னு நினைக்காதீங்க. ஜூம் ஓரத்தை வெட்டுமே தவிர, பொருள்களுக்கு நடுவுல இருக்கற உறவை மாத்தாது. அதை மாத்தறது கால் மட்டும்தான். 6×6 கேமராக்கள்ல (120 ஃபிலிம்ல சதுரப் படம் எடுக்கறது) பெரும்பாலும் 75 மி.மீ. ஒட்டின லென்ஸ். ஃபோனோட சாதாரண லென்ஸ் அதைவிட அகலம். அதனால கொஞ்சம் அகலமாவே எடுத்துட்டு வந்து வீட்டுல வெட்டிக்கோங்க. ஃபோனை மேலயோ கீழயோ சாய்க்காம நேரா பிடிக்கணும், சாய்ச்சா கட்டடம் சரிஞ்சு வரும்.

இடம் கடலுக்குள்ள போயிருந்தா ரெண்டு வழி. முக்கியமான ஒரு ஜோடிக் கோட்டு மேலயே, கரையில எவ்வளவு கிழக்கே வர முடியுமோ அங்க நின்னு எடுத்து, "பழைய கேமரா இதற்கு இவ்வளவு கிழக்கே நின்றது" என்று எழுதறது ஒண்ணு. காட்சியில மத்த ஜோடிகளைவிட ஜனங்க அதுக்கு முன்னாடிதான் அதிக நேரம் நிப்பாங்க. இன்னொண்ணு, தெரிஞ்சவங்க ஃபைபர் போட்டுல போய் எடுக்கறது. அலையில ஆடற போட்டுல துல்லியம் வராது, தொடர்ந்து நிறைய எடுத்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்.

கல்லு மேல ஏறும்போது பாசி பிடிச்ச கறும்பச்சைக் கல்லைத் தொடாதீங்க. நீர் வத்தற நேரம் பார்த்துப் போங்க. காலையில சூரியன் கடல் பக்கம், ஊரைப் பார்த்து எடுக்கற படத்துக்கு வெளிச்சம் முகத்துல விழும். கடலைப் பார்த்து எடுக்கறதுக்கு மதியத்துக்கு மேல போங்க. பழைய படத்துல நிழல் எந்தப் பக்கம்னு பார்த்து அதே நேரத்துக்குப் போனா ஜோடி இன்னும் பொருந்தும். துறைமுக வளாகத்துக்குள்ள அனுமதி இல்லாம கேமரா ஆகாது. டிரோன் பறக்கவிடற எண்ணம் இருந்தா முன்னாடியே அனுமதி பாருங்க, இது துறைமுகமும் கடற்படையும் இருக்கற கரை.


ரிப்பன்மாளிகை

ஒரு சேர்க்கை. படத்தின் கீழே எழுதும்போது எந்த இடத்தில் நின்று எந்தத் திசை பார்த்தது, காலம் எதிலிருந்து எதுவரை, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்ற மூன்றும் இருக்கட்டும். உதாரணம்: "திருவொற்றியூர் குப்பம், வடக்கு நோக்கி. 1970 – 80களின் நடு. கீழ் எல்லை: எண்ணூர் புகைபோக்கி. மேல் எல்லை: படகு வகை, உறுதியில்லை." கொடுத்தவர் வீட்டில் சொன்ன தகவலைத் தனி வரியில், 'குடும்பத்தார் சொன்னது' என்று போடுங்கள். காட்சிக்கு வருகிற பெரியவர்கள் திருத்துவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து, பக்கத்தில் பென்சிலும் நோட்டும் வையுங்கள். முகம் தெரிகிறவர்களின் படத்தை இணையத்தில் போடுவதற்குக் கொடுத்தவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நூலகத்தில் மாட்டச் சொன்ன சம்மதம் வேறு, இது வேறு.


கல்மண்டபம்13

தபால் அட்டையைப் பார்த்தேன் சார். பின்பக்கம் நடுவுல கோடு இருக்கு. வாசல் கிழக்குப் பக்கம் திறந்திருக்கற மாதிரிதான் தெரியுது.


ரிப்பன்மாளிகை

அப்படியென்றால் படம் புது வாசலுக்கு முந்தியது, அச்சு அதற்குக் கொஞ்சம் பிந்தியதாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆனால் முதலில் இதுவும் இடவலம் மாறியதா என்று பாருங்கள். அட்டை அச்சாளர்களும் தட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கப்பல் பெயரோ கிடங்கு எழுத்தோ எங்காவது படிக்க முடிகிறதா பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 1,200 டிபிஐக்கு மேல் ஸ்கேன் செய்து பயனில்லை, அச்சுப் புள்ளிகள்தான் பெரிதாகும்.


டார்க்ரூம்வாசி

காட்சிக்கு அடிக்கறது எல்லாம் நகலா இருக்கட்டும், மூலப் பிரிண்ட் ஒண்ணு கூடச் சுவருக்குப் போக வேண்டாம். மூலத்துக்கு லேமினேஷன் போட்டுக் குடுக்கறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அதைத் திரும்பப் பிரிக்க வழியே இல்ல. நகலை மேட் தாள்ல அடிங்க, டியூப்லைட் பளபளப்பு அடிக்காது. ஜோடி ரெண்டையும் ஒரே அகலத்துல, 12 அங்குலத்துக்குக் குறையாம, பழசு இடது புதுசு வலதுன்னு எல்லாத்துக்கும் ஒரே முறையில மாட்டுங்க. திருப்பிக் குடுக்கும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்க படங்களோட ஸ்கேன் கோப்பை ஒரு பென்டிரைவ்ல போட்டு, மூலத்தைப் பாலிப்ராப்பிலீன் உறையில வச்சுக் குடுத்துடுங்க.